வழக்குப் பதிவில் இல்லாத வெளியேற்றங்கள்

வணக்கம். வாடகைக்கு இருப்பவர்களை வீட்டை விட்டு வெளியேற்றும் வழக்குகளை க்யூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் புள்ளிகளாகப் போட்டால் ஒரு தெரு காலியாகத் தெரிகிறது, ஆனால் அங்கேதான் நிறையப் பேர் போனதாக மக்கள் சொல்கிறார்கள், எதை நம்புவது என்று கேட்டிருக்கிறீர்கள். மக்களை நம்புங்கள். வாடகை ஏறியதும் சத்தமில்லாமல் காலி செய்தவர்கள் எந்த வழக்கிலும் வரமாட்டார்கள்.

தெருவைப் பெரிய தாளில் அச்சிட்டு, பல வருடமாக அங்கே இருப்பவர்களோடு உட்காருங்கள். காலி செய்து போனவர்களின் பெயர் வேண்டாம், எந்த வருடம், ஏன், எந்தப் பக்கம் போனார்கள் என்று அங்கே இருப்பவர்களே குறிக்கட்டும். 2013-ல் சான் பிரான்சிஸ்கோவில் தொடங்கிய ஆன்டி எவிக்‌ஷன் மேப்பிங் புராஜெக்ட் என்ற குழு, வெளியேற்றத் தரவோடு மக்கள் சொன்ன வாய்மொழி வரலாறுகளையும் வரைபடத்தில் சேர்த்தது.

வீட்டுப் புள்ளிகளை மட்டும் தயவுசெய்து அப்படியே வெளியிடாதீர்கள். ஒரே புள்ளியை வைத்து வீட்டு உரிமையாளர் ஆளைக் கண்டுபிடித்துவிடுவார். பகுதி அளவில் தொகுத்து, முதலில் குறித்துத் தந்தவர்களிடமே காட்டுங்கள். அவர்கள் எடுக்கச் சொன்னால் எடுத்துவிடுங்கள்.