ஷேக்ஸ்பியரின் கல்லாப்பெட்டி: வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன்: "ஷேக்ஸ்பியர் பட்டினி கிடந்து செத்த கவிஞரல்ல, சொத்து சேர்த்துவிட்டுக் கண்ணை மூடியவர்." வந்த கடிதங்களில் பாதி அந்த வரியைப் பிடித்துக்கொண்டுவிட்டன. ஓய்வுபெற்ற ஆடிட்டரிடம் கவிதையைப் பற்றிக் கேட்டாலும் கணக்குதான் வரும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாடகம் எழுதி அவ்வளவு சம்பாதிக்க முடிந்ததா? (வாசகர், திருநெல்வேலி)

எழுதி அல்ல. ஒரு நாடகத்துக்குக் கம்பெனிகள் கொடுத்தது சுமார் 6 பவுண்டு. கையில் வாங்கியதோடு சரி. அது நூறு தடவை மேடையேறினாலும் எழுதியவருக்குச் சல்லிக்காசு வராது. எழுத்தை மட்டும் நம்பிய தாமஸ் டெக்கர் கடனுக்காக 1612இல் சிறைக்குப் போய் ஏழு வருடம் உள்ளே கிடந்தார். அவர் ஒன்றும் சோடையான எழுத்தாளர் இல்லை.

ஷேக்ஸ்பியர் வேறு பக்கம் உட்கார்ந்தார். 1594இல் லார்டு சேம்பர்லின் என்ற அரண்மனை அதிகாரியின் பெயரில் நடந்த நாடகக் குழுவில் பங்குதாரர் ஆனார். நடிப்பதும் எழுதுவதும் போக, வசூலிலும் பங்கு. அடுத்த படி இன்னும் சுவாரசியமானது. அந்தக் குழுவின் கொட்டகை லண்டனின் வடக்கே ஷோர்டிச்சில் இருந்தது. 1597இல் மனையின் குத்தகை முடிந்தது. மனைக்காரர் கைல்ஸ் ஆலன் புதுப்பிக்காமல் இழுத்தடித்தார். 'மனை உன்னுடையது, கட்டடம் எங்களுடையது' என்று 1598 டிசம்பர் 28ஆம் தேதி, அவர் ஊரில் இல்லாத கிறிஸ்துமஸ் சமயம் பார்த்து, கொட்டகைச் சொந்தக்காரர்களான பர்பேஜ் சகோதரர்கள் தச்சர் பீட்டர் ஸ்ட்ரீட்டைக் கூட்டிப்போய்க் கொட்டகையையே கழற்றிவிட்டார்கள். அந்த மரங்கள்தான் தேம்ஸுக்குத் தெற்கே போய் 1599இல் 'குளோப்' ஆயின. ஆலன் 800 பவுண்டு நஷ்டஈடு கேட்டு வழக்குப் போட்டார். ஒன்றும் தேறவில்லை.

புதுக் கொட்டகையில் பாதி பர்பேஜ் சகோதரர்களுக்கு, மீதிப் பாதி ஐந்து நடிகர்களுக்கு. அந்த ஐவரில் ஒருவர் ஷேக்ஸ்பியர். ஆகப் பத்தில் ஒரு பங்கு. தரையில் நின்று பார்க்க 1 பென்னி, மாடத்துக்கு இன்னொரு பென்னி, மெத்தை வேண்டுமென்றால் மூன்றாவது பென்னி. காசு வாங்கியவர்கள் அதை மண் உண்டியலில் போடுவார்கள், ஆட்டம் முடிந்ததும் அதை உடைத்து எண்ணுவார்கள். பக்கத்திலிருந்த 'ரோஸ்' கொட்டகை இருந்த இடத்தை 1989இல் தோண்டியபோது பச்சை மெருகிட்ட உண்டியல் சில்லுகள் கிடைத்தன. கூடவே ஜனங்கள் கொறித்துப் போட்ட கொட்டை ஓடுகளும்.

சம்பாதித்ததை என்ன செய்தார்? (வாசகி, சேலம்)

சொந்த ஊரில் சொத்து வாங்கினார். 1597இல் ஸ்ட்ராட்ஃபர்டின் பெரிய வீடுகளில் ஒன்றான 'நியூ பிளேஸ்'. பத்திரத்தில் கண்ட தொகை 60 பவுண்டு. பத்திரத்தில் கண்ட தொகை என்கிறேன், புரிந்துகொள்ளுங்கள். 1602இல் 107 ஏக்கர் நிலம், 320 பவுண்டு. 1605இல் 440 பவுண்டு கொடுத்து அந்தப் பகுதியின் தேவாலய வரி வருமானத்தில் ஒரு பங்கு.

இதெல்லாம் பெருமை. சிறுமையும் உண்டு. 1590களின் நடுவில் தொடர்ந்து விளைச்சல் பொய்த்தது, தானிய விலை ஏறியது, ஏழைகள் பசித்துக் கிடந்தார்கள். யார் வீட்டில் எவ்வளவு பதுங்கியிருக்கிறது என்று 1598 பிப்ரவரியில் ஸ்ட்ராட்ஃபர்டில் கணக்கெடுத்தார்கள். ஷேக்ஸ்பியர் பெயருக்கு நேரே 10 குவார்ட்டர் (அன்றைய தானிய அளவு), அதாவது 80 புஷல் மால்ட், பீர் காய்ச்ச முளைகட்டிய தானியம். ஊரில் அவர் மட்டும் செய்யவில்லை என்பது உண்மை. லண்டனிலோ, பிஷப்ஸ்கேட் பகுதியில் 5 ஷில்லிங் வரியைக் கட்டாதவர் பட்டியலில் அவர் பெயர் இருக்கிறது. என் கட்சிக்காரராக இருந்திருந்தால் நாலு வார்த்தை சொல்லியிருப்பேன்.

நடிகர்களுக்கு அன்று மரியாதை இருந்ததா? (வாசகர், புதுக்கோட்டை)

1572ஆம் வருடச் சட்டத்தைப் பாருங்கள். பிரபு ஒருவரின் ஆதரவு இல்லாமல் ஊர் ஊராகத் திரியும் நடிகன் நாடோடிப் பயல். முதல் தடவை பிடிபட்டால் சவுக்கடி, காது மடலில் சூட்டுக்கோல். அதனால்தான் ஒவ்வொரு குழுவும் ஒரு பிரபுவின் பெயரை ஒட்டிக்கொண்டது. லண்டன் நகரசபைக்கு நாடகமென்றால் ஆகாது. எனவே கொட்டகைகள் நகர எல்லைக்கு வெளியே போயின. குளோப் இருந்த தென்கரையில் அக்கம்பக்கம் எல்லாம் கரடிச் சண்டைக் களங்களும் வேசி வீடுகளும். வேசி வீடுகள் இருந்த நிலத்தில் கணிசமான பகுதி விஞ்செஸ்டர் பிஷப்புடையது என்பதைச் சும்மா சொல்லிவைக்கிறேன்.

இந்த அவமதிப்பு ஷேக்ஸ்பியரைச் சுட்டிருக்கிறது என்பது என் ஊகம். அப்பா ஜான் கையுறை தைப்பவர். 1552இல் ஹென்லி தெருவில் குப்பைமேடு போட்டதற்கு 1 ஷில்லிங் அபராதம் கட்டியவர், 1568இல் அதே ஊருக்குத் தலைவரானார். பிறகு கடனில் நொடித்துப்போய் நகரசபைக்குப் போவதையே நிறுத்திவிட்டார். 1596 அக்டோபரில் அந்த அப்பாவின் பெயரில் குலச்சின்னம் வாங்கியாயிற்று, குடும்பம் கனவான் குடும்பமாயிற்று. ஆனால் அதைச் சுமக்க இருந்த ஒரே மகன் ஹேம்னட் அதே வருடம் ஆகஸ்ட் 11ஆம் தேதி அடக்கம் செய்யப்பட்டிருந்தான். பதினோரு வயது. பிறகு 1602இல் ரால்ஃப் புரூக் என்ற அதிகாரி, தகுதியில்லாதவர்களுக்கெல்லாம் சின்னம் கொடுத்துவிட்டார்கள் என்று புகார் கிளப்பினார். அந்த விவகாரத்துத் தாளில் ஷேக்ஸ்பியரின் சின்னத்துக்குக் கீழே எழுதியிருப்பது: 'ஷேக்ஸ்பியர், நடிகன்'.

பெண் வேடம் கட்டியது பையன்கள்தானாமே? (வாசகி, மதுரை)

ஆமாம், முழுக்க ஸ்திரீபார்ட்தான். 1660 வரை லண்டன் பொதுமேடையில் தொழில்முறை நடிகைகள் கிடையாது. கணக்கு எப்படி எழுதினார்கள் என்பதுதான் வேடிக்கை. மளிகை, தச்சு மாதிரி நடிப்புக்கென்று தொழில்காரர் சங்கம் இல்லாததால் தொழில் பழகும் பையன்களைச் சட்டப்படி பதிய வழியில்லை. குழுவின் ஜான் ஹெமிங்ஸ் மளிகைக்காரர் சங்க உறுப்பினர். எனவே பையன்களை மளிகைத் தொழில் பழகுவோராகப் பதிந்துகொண்டார். ஏட்டில் மளிகை, மேடையில் மகாராணி.

கொள்ளைநோய் வந்தால்? (வாசகர், ஈரோடு)

கொட்டகை மூடப்படும். 1592 முதல் 1594 வரை பெரும்பாலும் மூடித்தான் கிடந்தது. அந்த ஓய்வில் 'வீனஸும் அடோனிஸும்' என்ற நெடுங்கவிதையை எழுதி 1593இல் அச்சேற்றினார். அச்சிட்ட ரிச்சர்டு ஃபீல்டு ஸ்ட்ராட்ஃபர்டுக்காரர். ஊர்ப்பாசம் எங்கேயும் உண்டு.

மனைவிக்குப் பழைய கட்டிலை மட்டும் எழுதிவைத்தாராமே, இது அடுக்குமா? (வாசகி, நாகர்கோவில்)

அந்த உயிலைப் பற்றி எத்தனை பேர் எழுதிவிட்டார்கள்! தேதி 1616 மார்ச் 25, மூன்று தாள். பெரும்பகுதி மூத்த மகள் சூசன்னாவுக்கு. ஊர் ஏழைகளுக்கு 10 பவுண்டு. மனைவி ஆனுக்கு 'இரண்டாந்தரக் கட்டில்' என்ற வரி பிற்பாடு இரண்டு வரிகளுக்கு நடுவே நுழைக்கப்பட்டது. நல்ல கட்டில் விருந்தாளிக்கு, இது தம்பதி படுத்தது என்று ஆறுதல் சொல்கிறவர்கள் உண்டு. சட்டப்படி விதவைக்குச் சொத்தில் மூன்றிலொரு பங்கு அனுபோகம் எப்படியும் வரும் என்பார்கள் வக்கீல்கள். இருக்கட்டும். பதினெட்டு வயதில் இருபத்தாறு வயதுப் பெண்ணைக் கல்யாணம் செய்து மூன்று பிள்ளை பெற்ற மனிதர், அவளைப் பற்றி ஒரு பிரியமான சொல் போட்டிருக்கலாம். போடவில்லை.

எனக்கு அதைவிடப் பெரிய விஷயம் உயிலில் இருக்கும் ஓர் அடித்தல். இளைய மகள் ஜூடித் அந்தப் பிப்ரவரியில்தான் தாமஸ் குவினியைக் கட்டினாள். மாப்பிள்ளையால் கர்ப்பமான வேறொரு பெண் பிரசவத்தில் செத்து, மார்ச் 15இல் தாயும் சிசுவும் அடக்கமானார்கள். மார்ச் 26இல் குவினி தேவாலய நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டான். உயிலில் 'மருமகனுக்கு' என்று எழுத ஆரம்பித்த இடம் அடிக்கப்பட்டு 'மகள் ஜூடித்துக்கு' என்று மாற்றப்பட்டிருக்கிறது. ஏப்ரல் 23இல் ஷேக்ஸ்பியர் போய்விட்டார்.

அந்த நாடகங்களை வேறு யாரோ எழுதினார்கள் என்கிறார்களே? (வாசகர், வேலூர்)

கையுறைக்காரர் மகனுக்கு அவ்வளவு வராது என்கிற நினைப்பிலிருந்து கிளம்பிய சந்தேகம் இது. எனக்கு அதில் துளியும் மரியாதை இல்லை. நியாயமான சாட்சி கேட்டால், உயிலில் மோதிரம் வாங்க 26 ஷில்லிங் 8 பென்னி வீதம் பெற்ற மூன்று நடிகர்களில் ஹெமிங்ஸும் காண்டெலும் உண்டு. அவர்கள்தான் 1623இல் 36 நாடகங்களையும் தொகுத்து அவர் பெயரில் போட்டார்கள். அவற்றில் 'மக்பெத்' உட்படப் பதினெட்டு அதற்குமுன் அச்சிலேயே வராதவை. கூடவே வேலை பார்த்தவர்களுக்குத் தெரியாதா, யார் எழுதியது என்று? மிஞ்சிய அவர் கையெழுத்து ஆறு, ஒன்றுபோல் ஒன்றில்லை. நம்ம ஊர் வங்கியாயிருந்தால் செக்கைத் திருப்பியிருப்பார்கள்.