லாப நோக்கமில்லாத தனியார் கல்லூரிகளுக்கு எம்.எல்.ஏ. ஒருவர் ஆதரவாகப் பேசினால், ஏழை மாணவர்களுக்கு இடம் கிடைக்குமா?

கிடைக்கலாம். ஆனால் அவர் அந்தக் கல்லூரியின் எந்தப் பிரிவுக்காகப் பேசுகிறார் என்று பாருங்கள். இந்தக் கேள்வியை என்னால் கடந்து போக முடியவில்லை. நானும் என் தங்கையும் ஒரே கல்லூரியில் இரண்டு விதமாகப் படித்தவர்கள்.

உங்கள் வீட்டிலும் பிளஸ் டூ முடித்த பிள்ளை இருக்கிறது, கையில் காசு இல்லை, யாராவது பெரிய மனிதர் சொன்னால் நடக்காதா என்று பார்க்கிறீர்கள் என நினைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன்.

நம் ஊரில் தனியார் கல்லூரி நடத்துவது பெரும்பாலும் ஏதாவது ஓர் அறக்கட்டளையோ சங்கமோதான். லாபம் என்ற சொல்லே அவர்கள் காகிதத்தில் இருக்காது. கேப்பிடேஷன் கட்டணத்துக்கு, அதாவது சீட்டுக்காகக் கட்டணத்துக்கு மேல் வாங்கும் பணத்துக்கு, தமிழ்நாட்டில் 1992லேயே தடைச் சட்டமும் போட்டாயிற்று. அதனால் 'லாப நோக்கமில்லாத' என்பதை வைத்து ஒரு கல்லூரியை எடை போட முடியாது. எய்டடா, செல்ஃப் ஃபைனான்ஸா என்பதுதான் கேள்வி. எய்டட் என்றால் ஆசிரியருக்கு அரசு சம்பளம், கட்டணமும் அரசு சொல்கிறபடி. தமிழ்நாட்டில் இப்படி 160க்கும் மேற்பட்ட கலை அறிவியல் கல்லூரிகள் இருக்கின்றன. செல்ஃப் ஃபைனான்ஸ் என்றால் சுண்ணாம்புக்கட்டி வரை பிள்ளைகள் கட்டும் பணத்தில்தான். பல இடங்களில் இரண்டும் ஒரே வளாகத்தில், ஒரே பெயர்ப் பலகையின் கீழ் நடக்கும். வெளியே இருப்பவருக்கு வித்தியாசமே தெரியாது. எங்கள் அப்பாவுக்கும் தெரியவில்லை.

அப்பா தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு ரைஸ் மில்லில் மூட்டை தூக்கினார். 1998இல் எனக்கு பி.எஸ்சி. இயற்பியல், எய்டடில் கிடைத்தது. கம்பி வலை போட்ட நோட்டீஸ் போர்டில் 23ஆவதாக என் பெயர். அப்பாவுக்குப் படிக்கத் தெரியாது, அந்த வலை மேல் விரலை வைத்து, "இதாப்பா? இதுதானா?" என்று இரண்டு தடவை கேட்டார். முதல் வருஷம் கட்டியது ஆயிரத்து நூறு ரூபாய்ச் சொச்சம். எங்கள் வீட்டில் முதல் பட்டதாரி நான்தான். அதைச் சொல்லிக்கொள்வதில் எனக்கு இன்றைக்கும் பெருமைதான்.

2003இல் தங்கச்சி என்னை விட அதிக மார்க். பி.காம். கேட்டாள். எய்டடில் இருந்ததே 60 இடம். காத்திருப்போர் பட்டியலில் நின்றுபோனாள். அப்பா எம்.எல்.ஏ. வீட்டுக்குப் போனார். காலை ஆறு மணிக்குப் போய்ப் பத்தரைக்குக் கடிதம் வாங்கி வந்தார். லெட்டர்பேடில் இரண்டே வரி, கீழே 'ஆவன செய்யவும்'. அதை மடிக்காமல், மஞ்சள் பைக்குள் நோட்டுப் புத்தகத்துக்கு நடுவில் வைத்து எடுத்து வந்தார்.

கல்லூரி ஆபீஸில் இருந்தவர் அதை வாங்கிப் படித்துவிட்டு, மேஜை மேலிருந்த குத்தூசியில் குத்தினார். அதில் ஏற்கெனவே ஒரு சாண் உயரத்துக்கு அதே மாதிரிக் கடிதங்கள். "ஐயா சொல்லிட்டாரு, சீட்டு உண்டு. செகண்ட் ஷிப்ட், செல்ஃப் ஃபைனான்ஸ். செமஸ்டருக்கு ஏழாயிரம்." அம்மாவின் தோடு அடகுக்குப் போனது. மீட்க நாலு வருஷம் ஆனது.

அந்த எம்.எல்.ஏ. கெட்டவர் என்று நான் சொல்லவே இல்லை, தயவுசெய்து அப்படிப் படிக்காதீர்கள். அந்தக் கல்லூரியின் பெயரையும் சொல்ல மாட்டேன், எனக்குச் சோறு போட்ட இடம். அந்த எம்.எல்.ஏ. கல்லூரி ஆண்டு விழாவுக்கு வந்தார், கல்வித் தொண்டு என்று மனதாரப் பாராட்டினார். பேரவையிலும் பேசினார். எல்லாம் புதிய பாடப்பிரிவுக்கு அனுமதி, கட்டட அனுமதி என்றுதான். எய்டடில் ஓய்வு பெற்றுப் போன ஆசிரியர்களின் இடம் வருஷக்கணக்காகக் காலியாகவே கிடந்ததே, அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. என் தங்கைக்கு எடுத்த மேடத்துக்கு நிர்வாகம் கொடுத்த சம்பளம் நாலாயிரம். பாதி வருஷத்தில் விட்டுப் போய்விட்டார். கல்லூரிக்கு ஆதரவு வேறு, அதில் படிக்க வரும் பிள்ளைக்கு ஆதரவு வேறு என்று அன்றைக்குப் புரிந்தது.

2025 அக்டோபரில் தனியார் பல்கலைக்கழகத் திருத்த மசோதா வந்தபோது எனக்கு அந்தக் குத்தூசிதான் ஞாபகம் வந்தது. தனியார் பல்கலைக்கழகம் தொடங்க 100 ஏக்கர் வேண்டும் என்றிருந்ததை மாநகராட்சிப் பகுதியில் 25 ஏக்கர் வரை குறைத்து, இருக்கிற கல்லூரிகளும் பல்கலைக்கழகமாக மாறலாம் என்றார்கள். எய்டட் கல்லூரிகளும் அதில் அடக்கம். மாறிவிட்டால் கட்டணம் யார் கையில், இட ஒதுக்கீடு என்னாகும் என்று ஆசிரியர் சங்கங்கள் கேட்டன. ஆளும் கூட்டணியிலிருந்த கம்யூனிஸ்ட் கட்சிகளே எதிர்த்தன. மசோதா நிறைவேறிய பிறகும், மறுபரிசீலனை செய்கிறோம் என்று அன்றைய உயர்கல்வி அமைச்சர் கோவி. செழியன் அறிவித்தார். நான் எந்தக் கட்சியும் இல்லை. அந்த அறிவிப்பைப் படித்த அன்று நிம்மதியாகத் தூங்கினேன்.

எல்லோரும் அப்படியில்லை என்பதற்கும் எங்கள் மாவட்டத்திலேயே ஆள் உண்டு. பூண்டி புஷ்பம் கல்லூரியைப் பல்லாண்டு நடத்திய துளசி ஐயா வாண்டையார் 1991 முதல் 1996 வரை தஞ்சாவூர் எம்.பி.யாக இருந்தவர். நன்கொடை வாங்காமல் சீட்டுக் கொடுத்தவர் என்று டெல்டாவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். சாதி பார்த்துப் புகழ்கிறான் என்று கமெண்டில் வராதீர்கள். நான் அந்தச் சாதியும் இல்லை, அங்கே படித்தவனும் இல்லை.

இன்னொன்று, நீங்கள் கேட்காதது. செகண்ட் ஷிப்ட் ஆறரைக்கு விடும், எங்கள் ஊர் டவுன் பஸ் ஆறேகாலுக்கே போய்விடும். தங்கச்சியோடு சேர்ந்த மூன்று பெண்கள் அந்த ஒரு காரணத்துக்காகவே படிப்பை விட்டு நின்றார்கள்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். விண்ணப்பம் வாங்கும்போதே எய்டட், செல்ஃப் ஃபைனான்ஸ் இரண்டுக்கும் தனித்தனியாகக் கேட்டு வாங்குங்கள். அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்த பெண் என்றால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வரும், பையன் என்றால் தமிழ்ப் புதல்வன். எம்.எல்.ஏ.வைப் பார்த்தே ஆக வேண்டும் என்றால் கடிதம் கேட்காதீர்கள். நம் கல்லூரி எய்டடில் எத்தனை ஆசிரியர் இடம் காலி, அதை எப்போது கேட்கப் போகிறீர்கள் என்று கேளுங்கள். நானும் கேட்கப் போகிறேன். தங்கச்சி மகள் இந்த வருஷம் பிளஸ் டூ. அவளுக்கும் பி.காம்.தான் வேண்டுமாம்.