பள்ளியின் சிங்கப்பூர் சுற்றுலாவுக்கு நகையை அடகு வைக்கலாமா?

கேள்வி: திருமங்கலத்தில் வசிக்கிறோம். நான் தனியார் நிறுவனத்தில் கணக்கராக இருக்கிறேன்; கணவர் லேத் பட்டறை நடத்துகிறார். ஒன்பதாம் வகுப்பு படிக்கும் மகளின் பள்ளியில் அடுத்த மே மாதம் ஆறு நாள் கல்விச் சுற்றுலாவாகச் சிங்கப்பூர் அழைத்துச் செல்கிறார்கள். கட்டணம் 1,10,000 ரூபாய். இந்த ஜூலைக்குள் 25,000 முன்பணமும் மீதியை ஏப்ரலிலும் கட்ட வேண்டும். வங்கியில் 60,000 இருக்கிறது. மாதம் 8,000 மிச்சம் பிடிக்கலாம். தீபாவளி போனஸ் 15,000 வரும். ஐந்து பவுன் சங்கிலியை அடகு வைப்பதா, மகளின் செல்வமகள் கணக்கிலிருந்து எடுப்பதா?

பதில்: செல்வமகள் கணக்கை இந்தக் கணக்கிலேயே சேர்க்காதீர்கள். மகள் பத்தாம் வகுப்பு தேறிய பிறகோ 18 வயது நிறைந்த பிறகோதான் அதிலிருந்து இடையில் பணம் எடுக்க முடியும். அதுவும் மேற்படிப்புக்கு மட்டும், முந்தைய நிதியாண்டு முடிவில் இருந்த இருப்பில் பாதி வரைதான்.

சங்கிலியை இப்போதே அடகு வைக்கவும் தேவையில்லை. நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டி என்றாலும், முழுத் தொகைக்கும் மாதம் 1,100 ரூபாய் வட்டிக்கே போய்விடும். பயணத்துக்கு இன்னும் ஒன்பது மாதத்துக்கு மேல் இருக்கும்போது அந்தச் சுமை எதற்கு?

உண்மையான செலவு 1,10,000 அல்ல என்பதை முதலில் ஏற்றுக்கொள்ளுங்கள். பாஸ்போர்ட், விசா, காப்பீடு, விமான நிலையம் வரை வண்டி, உடை, பை, கைச்செலவு என எல்லாம் சேர்த்து 1,35,000 என்று வைத்துக்கொள்வோம். முன்பணம் 25,000-ஐ வங்கி இருப்பிலிருந்து கட்டுங்கள். எஞ்சும் 35,000 பட்டறையில் வேலை குறைந்த மாதங்களுக்கு உங்களுக்கு வேண்டும், அதைத் தொடாதீர்கள். ஜூலையிலிருந்து மாதம் 8,000 ஆர்.டி. போட்டால் ஒன்பது தவணையில் 72,000 சேரும். ஆறரை சதவீத வட்டி கிடைத்தால் சுமார் 2,000 கூடும். சில வங்கிகளில் ஆர்.டி.க்குக் குறைந்தபட்சமே 12 மாதம் என்பதால், கேட்டுக்கொண்டு தொடங்குங்கள், அஞ்சலக ஆர்.டி. ஐந்து ஆண்டுத் திட்டம், இதற்கு ஒத்துவராது. கட்டிய முன்பணத்தையும் போனஸையும் சேர்த்தால் 1,14,000 ஆகிவிடும். குறைவது 21,000 மட்டுமே. அதற்கு மட்டும் ஏப்ரலில் ஒரு சிறு நகையை வைத்து, அதே 8,000 ரூபாயைக் கொண்டு மூன்றே மாதத்தில் மீட்டுவிடலாம். வட்டி 600 ரூபாயைத் தாண்டாது.

பணத்தைவிட எனக்குக் கவலை தருவது முன்பண ரசீதுதான். சென்ற ஆண்டு ஒத்தக்கடையிலிருந்து ஒரு தந்தை நான்காக மடித்த சுற்றறிக்கையுடன் வந்தார். பயணத்துக்கு ஒரு வாரம் இருக்கையில் பையனுக்கு அம்மை போட்டிருந்தது. சுற்றறிக்கையின் அடியில், கண்ணாடி போட்டுத்தான் படிக்க முடிகிற எழுத்தில், எக்காரணம் கொண்டும் பணம் திரும்பத் தரப்படாது என்றிருந்தது. அந்தக் காகிதத்தை அவர் என் மேசையில் விரித்து, கையால் நீவி நீவிச் சமன்படுத்திக்கொண்டே இருந்ததை என்னால் மறக்க முடியவில்லை. ஆகவே விசா மறுக்கப்பட்டால், உடம்புக்கு முடியாமல் போனால், எந்தத் தேதிவரை எவ்வளவு திரும்பக் கிடைக்கும் என்பதை எழுத்தில் வாங்காமல் 25,000-ஐக் கட்டாதீர்கள். காப்பீட்டில் பயண ரத்துக்கும் இழப்பீடு உண்டா என்று பாருங்கள்.

வெளிநாட்டுச் சுற்றுலாத் தொகுப்புகளுக்கு 2020 அக்டோபர் முதல் டி.சி.எஸ். வரி (விற்பவரே வாங்குபவரிடம் வசூலித்து அரசுக்குக் கட்டும் வருமான வரி) பிடிக்கிறார்கள். வீதம் பட்ஜெட்டில் மாறியிருக்கிறது. சொன்ன கட்டணத்தில் அது அடங்கியிருக்கிறதா என்று கேளுங்கள். அது உங்கள் பான் எண்ணில் பதிவாக வேண்டும். பள்ளி தன் பெயரிலேயே மொத்தமாகக் கட்டினால், வரவு பள்ளிக்குப் போய்விடும், உங்களுக்கு வராது. உங்கள் பான் எண்ணில் பதிவானால் வருமான வரித் துறையின் உங்கள் வரிப் பதிவில் தெரியும், வரி கட்டும் அளவுக்கு வருமானம் இல்லாவிட்டாலும் ரிட்டர்ன் தாக்கல் செய்து திரும்பப் பெறலாம்.

பாஸ்போர்ட்டுக்கு இந்த மாதமே விண்ணப்பியுங்கள். 18 வயதுக்குட்பட்டவர்களுக்குச் சாதாரணக் கட்டணம் 1,000 ரூபாய். கடைசி நேரத்தில் தட்கலுக்குப் போனால் மேலும் 2,000. பெற்றோர் இருவரின் சம்மதமும் வேண்டும் என்பதால், கணவர் பட்டறைக்கு விடுப்பு விடும் நாளாகப் பார்த்து மதுரை அலுவலகத்தில் நேரம் வாங்குங்கள்.