சிமென்ட் ஆலைச் சூளை வேலைக்கு மகனை அனுப்பலாமா?

திருமங்கலத்திலிருந்து எழுதியிருக்கும் ஐயாவுக்கு வணக்கம். டிப்ளமோ மெக்கானிக்கல் முடித்த மகனுக்கு விருதுநகர்ப் பக்கம் ஒரு சிமென்ட் ஆலையில் அப்ரண்டிஸ் இடம் கிடைத்திருக்கிறது. “நெருப்புக்கு முன்னால் நிற்கவா படிக்க வைத்தேன்?” என்று கேட்கிறீர்கள். தயங்காமல் அனுப்புங்கள்.

அவன் வேலை பழகப்போவது சுழல் சூளையில்; ஆலைக்குள் கில்ன் என்பார்கள். உட்புறம் தீச்செங்கல் பதித்த நீண்ட எஃகு உருளை, லேசான சரிவில் கிடந்து நிமிடத்துக்கு மூன்று, நான்கு சுற்று சுற்றும். பந்தல்குடி போன்ற இடங்களில் வெட்டும் சுண்ணாம்புக்கல் மாவாகி, உயரமான கோபுரத்தில் 900 டிகிரியை ஒட்டிச் சூடேறி, கரியமில வாயுவை விட்டுவிட்டு உருளையின் மேல்முனையில் இறங்கும். தீ கீழ்முனையில். அங்கே 1,450 டிகிரியில் வெந்து, கிளிங்கர் உருண்டைகளாக வெளியே கொட்டும்; அதை அரைத்துத்தான் சிமென்ட் செய்கிறார்கள்.

தீயின் முன்னால் நாள் முழுக்க யாரும் நிற்பதில்லை. சூளையை நடத்துவது கட்டுப்பாட்டு அறை. உருளையின் வெளி ஓட்டுச் சூட்டை அகச்சிவப்புக் கருவி ஓயாமல் அளந்து திரையில் காட்டும். ஓரிடத்தில் மட்டும் சூடு கூடினால் உள்ளே செங்கல் தேய்ந்துவிட்டது அல்லது விழுந்துவிட்டது என்று பொருள். அதை முதலில் கண்டுபிடிக்கிற கண்ணுக்குத்தான் ஆலையில் மதிப்பு. மின்சாரம் போனால் இன்னும் பரபரப்பு: கொதிக்கும் உருளையை நின்ற நிலையில் விட்டால் தன் எடையாலேயே வளைந்துவிடும். மழை பெய்தால் ஆபத்து இன்னும் கூடும். உடனே துணை எஞ்சினை ஓட்டி மெல்லத் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். உருளையைத் தாங்கும் ரோலர், சுற்றும் பெரிய பல்சக்கரம், அவற்றின் கிரீஸ், நூலளவு விலகல் எல்லாம் உங்கள் மகன் படித்த மெக்கானிக்கல்தான். வகுப்பறையில் இவ்வளவு பெரிய எந்திரத்தைத் தொட்டுப் பழக வழியில்லை.

இந்தக் கைத்தொழில் சிமென்டோடு முடிவதும் இல்லை. மாக்னசைட்டைச் சுடுவது, ஸ்பாஞ்ச் இரும்பு, அலுமினா, சுட்ட சுண்ணாம்பு, பெயின்டில் சேரும் டைட்டானியம் டை ஆக்சைடு என்று பல தொழில்களில் இதே வகைச் சூளை சுற்றுகிறது. சூளை தெரிந்தவன் ஊர் மாறலாம், தொழிலும் மாறலாம். மூன்று மாத கணினிச் சான்றிதழுக்குக் கடன் வாங்க யோசிக்கிறீர்களே, அதைவிட இது உறுதியானது என்றே நினைக்கிறேன்.

கஷ்டமும் உண்டு. இரவு ஷிப்ட் வரும், தூசி இருக்கும். செங்கல் மாற்றச் சூளையை நிறுத்தும் நாட்களில் வீட்டு விசேஷத்துக்கு லீவு கிடைப்பது அரிது.

சேருவதற்கு முன் மகனையே சில கேள்விகள் கேட்கச் சொல்லுங்கள். ஒப்பந்தம் அப்ரண்டிஸ் சட்டப்படி பதிவாகிறதா? உதவித்தொகை வங்கிக் கணக்குக்கு வருமா? கட்டுப்பாட்டு அறையிலும் பராமரிப்பிலும் மாற்றி மாற்றிப் பழக விடுவார்களா, ஒரே மூலையில் நிறுத்திவிடுவார்களா? முகக்கவசமும் வெப்பம் தாங்கும் உடையும் ஆலையே தருமா? ஓராண்டு முடிந்ததும் கிடைக்கும் சான்றிதழை வாங்காமல் வெளியே வரக் கூடாது. மேலே படிக்க ஆசைப்பட்டால், டிப்ளமோவை வைத்து பி.இ. இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரலாம்.

அவனுக்குச் சிறுவயது முதல் மூச்சிரைப்பு இருந்தால் மட்டும் முதலில் நுரையீரல் மருத்துவரிடம் காட்டுங்கள். அவர் வேண்டாம் என்றால் இந்த இடத்தை விட்டுவிட்டு, என்னைப் பார்க்க அவனை அழைத்து வாருங்கள்.