இரண்டு துண்டு மீன்பிடி ராடு: இணைப்பின் வாய்க்குப் பூண் போடுவது எப்படி?

கேள்வி: ஆள் வைத்துக் கட்டிய 9 அடி கார்பன் ராடு, இரண்டு துண்டு. கடலோரத் தூண்டில் வளைவுக் (அலைத் தடுப்பு) கற்கள் மேல் நின்று 40 கிராம் லூர் (செயற்கை இரை) வீசுகிறேன். கொஞ்ச நாளாக வீசும்போது இணைப்பில் 'டிக்' என்று சத்தம். மேல்துண்டின் வாயில் முடி போல ஒரு கோடும் தெரிகிறது. நூல் சுற்றிப் பலப்படுத்தலாமா? என்ன நூல், எவ்வளவு நீளம்?

பதில்: சுற்றலாம். ஆனால் சத்தத்துக்கும் கோட்டுக்கும் மருந்து வேறு வேறு. துண்டுகள் தளர்வாக உட்காருவதால் சத்தம் வருகிறது. அந்தத் தளர்வைக் கவனிக்காமல் விட்டதால் கோடு விழுந்திருக்கிறது. நூல் கோட்டைத் தடுக்கும், தளர்வைச் சரிசெய்யாது.

கார்பன் பிளாங்கில் (ராடின் வெறும் குழாய்) பெரும்பாலான இழைகள் நீளவாக்கில் ஓடுகின்றன. வளையம்போலச் சுற்றிப் பிடிக்கும் இழை குறைவு. ராடு வளையும்போது உள்ளே இருக்கும் கீழ்த்துண்டு ஆப்பு மாதிரி வாயை முட்டையாக நெளிக்கும். முழு ஆழத்துக்கும் இறுக்கமாக உட்கார்ந்திருந்தால் சுமை பரவிவிடும். ஒரு சென்டிமீட்டர் நழுவினாலும் சுமை முழுக்க விளிம்பில் விழுந்து, வாய் நீளவாக்கில் பிளக்கும். உலக்கையின் நுனி பிளக்காமலிருக்கப் பூண் மாட்டுகிறோமே, நூல் கட்டு செய்வதும் அதே வேலைதான்.

முதலில் கோடு வார்னிஷில் இருக்கிறதா, கார்பனில் இருக்கிறதா என்று பாருங்கள். ஐசோபுரொபைல் ஆல்கஹால் நனைத்த துணியால் துடையுங்கள். மேற்பரப்பு காய்ந்த பிறகும் கோடு மட்டும் ஈரமாகக் கறுத்து நின்றால் அது விரிசல். விளிம்பிலிருந்து ஒரு சென்டிமீட்டருக்குள் இருந்தால் காப்பாற்றலாம். இணைப்பு ஆழத்தில் பாதியைத் தாண்டிவிட்டால், எவ்வளவு நூல் சுற்றினாலும் 40 கிராம் வீச்சுக்கு நம்ப முடியாது. மேல்துண்டை மாற்றுவதுதான் சரி. இரண்டுக்கும் நடுவில் இருந்தால் சுற்றுங்கள், ஆனால் இலகுவான லூரோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

அடுத்தது பொருத்தம். இரண்டு துண்டையும் நல்ல தண்ணீரிலும் சோப்பிலும் கழுவி, வாய்க்குள் குச்சியில் சுற்றிய துணியை விட்டுத் துடைத்துக் காய வையுங்கள். கடலோரத்தில் உப்பும் மணலும் உள்ளே சேர்ந்து உப்புத்தாள் மாதிரி தேய்க்கும். பிறகு கீழ்த்துண்டின் முனையில் சாக்பீஸ் தடவிச் செருகி, லேசாகத் திருப்பி எடுங்கள். எங்கே சாக் அழிந்ததோ அங்கேதான் பிடிப்பு. சீராக அழிந்திருந்தால் மெழுகுவர்த்தி மெழுகு தேய்த்தாலே போதும். ஓரிடத்தில் மட்டும் அழிந்திருந்தால், அழியாத பகுதியில் எபாக்சியை (இரண்டு பாகம் கலந்து இறுகும் பசை) மிக மெல்லியதாகப் பூசி, முழுதும் இறுகிய பின் 1000 நம்பர் வாட்டர் பேப்பரால் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்துப் பொருத்துங்கள். தேய்ப்பது பூச்சை மட்டும்தான், கார்பனை அல்ல.

ஆள் வைத்துக் கட்டிய ராடுகளில் இன்னொரு பிழையும் உண்டு. கீழ்த்துண்டின் கைடு (லைன் ஓடும் வளையம்) கட்டோ அலங்காரக் கட்டோ இணைப்புக்கு மிக அருகில் வந்திருக்கும். வாய் அதில் போய் முட்டிவிட்டால், தேயத் தேய இறங்கி இறுக இடமே இருக்காது. செருகிய பின் 5 முதல் 10 மி.மீ. இடைவெளி தெரிய வேண்டும்.

இனி கட்டு. செருகும் ஆழத்தைப் பென்சிலால் குறித்துவிட்டுத் துண்டுகளைப் பிரியுங்கள். வாய்ப்பகுதி வார்னிஷின் பளபளப்பு மட்டும் போகுமாறு 400 நம்பர் தாளை நனைத்துத் தேய்த்து, ஆல்கஹாலால் துடையுங்கள். கார்பன் தூசு நுரையீரலுக்கு ஆகாது, மாஸ்க் போடுங்கள். விரிசலில் தண்ணீர் போன்ற சூப்பர் குளூ ஒரு சொட்டு, உள்ளே வழியாமல்.

ராடு கட்டும் நூலில் இந்த ராடுக்குத் தடித்த டி சைஸ்; மெல்லிய ராடுக்குத்தான் மெல்லிய ஏ சைஸ். இணைப்பு ஆழம் 70 மி.மீ. என்றால் கட்டு 80 மி.மீ. இருக்கட்டும், உள்முனையைத் தாண்டிப் போகும். வாயின் வெளிவிட்டம் 12 மி.மீ. என்றால் சுமார் 15 மீட்டர் நூல் பிடிக்கும். 20 மீட்டர் வைத்துக்கொள்ளுங்கள். முதலில் வாயோரம் 15 மி.மீ. மட்டும் ஓர் அடுக்கு, அதன் மேல் முழு நீளத்துக்கு இரண்டாவது அடுக்கு. இரண்டையும் வாயை நோக்கியே சுற்றுங்கள்: வாய்ப்பக்கம் தடிமன் கூடுவதால் நூல் ஏறி ஏறி இறுகும், சரியாது. கடைசி 10 சுற்றுக்கு அடியில் தனியாக ஒரு நூல் கண்ணியை வைத்து, சுற்றிய நூலின் நுனியை அதில் கோத்து, கண்ணியை உருவி நுனியைச் சுற்றுக்கு அடியில் இழுத்துவிடுங்கள். கடைசிச் சுற்று விளிம்போடு ஒட்டி நிற்க வேண்டும். 3 மி.மீ. உள்ளே தள்ளி முடித்தால், பிளவு தொடங்குகிற இடமே திறந்து கிடக்கும். ஸ்பூனின் முதுகால் தேய்த்துச் சந்துகளை மூடுங்கள். இப்போது கீழ்த்துண்டைச் செருகிப் பாருங்கள். பென்சில் குறிக்கு 3, 4 மி.மீ. முன்பே நின்றுவிட்டால் இழுப்பு அதிகம், வாய் நசுங்கியிருக்கிறது. பிரித்துத் தளர்த்திச் சுற்றுங்கள்.

நூலின் நிறம் மாறாமலிருக்கப் பூசும் கலர் பிரிசர்வர் இங்கே கூடாது. அது நூலை அடைத்துவிடும், எபாக்சி ஊறிக் கார்பனைப் பிடிக்காது. கட்டு அழகாக இருக்கும், பலம் இருக்காது. ஹார்டுவேர் கடை 5 நிமிட எபாக்சியும் வேண்டாம், ஊறுவதற்குள் இறுகிவிடும். ராடு கட்டுவதற்கென்றே விற்கும் எபாக்சியில் இரண்டு சிரிஞ்சால் 3 மி.லி., 3 மி.லி. எடுத்து (சம அளவில் கலக்கும் வகையானால்) 2, 3 நிமிடம் மெதுவாகக் கலக்குங்கள். 3 மி.லி.யைவிடக் குறைத்து எடுத்தால் அளவுப் பிழை வந்து பிசுபிசுவென்றே நிற்கும். முதல் பூச்சு நூலில் ஊறுமளவு மட்டும்; மிச்சத்தைத் துடையுங்கள். விளிம்பின் வெட்டுமுகத்திலும் மெல்லியதாகத் தடவுங்கள், ஆனால் உள்ளே ஒரு துளிகூடப் போகக் கூடாது. போனதைக் காது குடையும் பஞ்சுக் குச்சியில் ஆல்கஹால் தொட்டு உடனே எடுங்கள். ராடைக் கிடையாக வைத்து 4 முதல் 6 மணி நேரம் சுழற்ற வேண்டும். மைக்ரோவேவ் தட்டு சுற்றும் சின்ன மோட்டார் இதற்குப் போதும். மறுநாள் இரண்டாவது பூச்சு. மழை நாளிலும் ஈரக் காற்றிலும் செய்தால் பூச்சு வெளிறிப் புகைமூட்டமாகிவிடும்.

பித்தளைக் குழாயோ ஸ்டீல் வளையமோ மாட்டலாமா என்று பலர் கேட்கிறார்கள். வேண்டாம். உலோகம் வளையாது, அது முடியும் இடத்தில் கார்பன் ஒடியும்.

ஒரு வாரம் கழித்து மெழுகு தேய்த்து, கைடுகள் 90 டிகிரி விலகியிருக்கச் செருகி, அழுத்தியபடியே திருப்பி நேராக்குங்கள். லைனில் ஒரு கிலோ எடையைக் கட்டி மெதுவாகத் தூக்கிக் காது கொடுங்கள். 'டிக்' இன்னும் கேட்டால் நூலில் கை வைக்காதீர்கள், சாக்பீஸ் சோதனைக்குத் திரும்புங்கள். கேட்கவில்லையென்றால் கற்களுக்குக் கொண்டு போங்கள். 20 வீச்சுக்கு ஒருமுறை இணைப்பைத் திருகி இறுக்குங்கள்.