நெட்டிலிங்க விதையைக் காயவிடாதீர்கள்

கேள்வி: வாலாஜாபேட்டையில் புதிதாக வீடு கட்டியிருக்கிறோம். காம்பவுண்டு ஓரமாக நெட்டிலிங்கம் வளர்க்க ஆசை. நர்சரியில் அசோகா என்று விற்கிறார்கள். இருபது கன்று வாங்கக் கட்டுப்படியாகவில்லை. போன ஆவணியில் மரத்தடியில் விதை பொறுக்கி, வெயிலில் நன்றாகக் காயவைத்து, டப்பாவில் போட்டு, சித்திரையில் ஊன்றினேன். ஒன்றுகூட முளைக்கவில்லை. விதை சொத்தையா, மண் சரியில்லையா ஐயா?

பதில்: இரண்டும் இல்லை. காயவைத்ததுதான் காரணம். நெல்லும் அவரையும் காய்ந்தபின் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். நெட்டிலிங்கம் அந்த வகை அல்ல. மாங்கொட்டை, பலாக்கொட்டை மாதிரி ஈரம் வற்றுவதற்குள் மண்ணுக்குப் போயாக வேண்டும். வற்றிவிட்டால் உள்ளே கரு செத்துவிடும். அப்புறம் எவ்வளவு ஊறவைத்தாலும் அழுகத்தான் செய்யும்.

பழம் ஆனிக் கடைசியிலிருந்து ஆவணி வரை கிடைக்கும். கருநீலமாகி, விரலால் அழுத்தினால் தோல் நழுவ வேண்டும். பச்சைக் காயைப் பறிக்க வேண்டாம். வௌவால் சதையைச் சப்பித் துப்பிய கொட்டையும் நல்ல விதையே. ஆனால் அன்றன்று காலையில் விழுந்ததாகப் பார்த்து, கையுறை போட்டுப் பொறுக்குங்கள். ஒடுங்கி உயர்ந்து, கிளைகள் தொங்கும் மரத்தடியிலேயே விதை எடுங்கள். கன்றுகள் பெரும்பாலும் தாய்மரத்தின் வாகில்தான் வளரும்.

சதையை அன்றைக்கே ஆற்று மணலோடு தேய்த்துக் கழுவி, விதைகளை வாளித் தண்ணீரில் போடுங்கள். மிதப்பவற்றைத் தள்ளிவிட்டு, மூழ்கியவற்றை அன்றே ஊன்றுவது உத்தமம். முடியாவிட்டால் ஈரச் சாக்கில் சுற்றி நிழலில் வைத்தால் நாலைந்து நாள் தாங்கும். பிளாஸ்டிக் பையில் இறுக்கிக் கட்டினால் பூஞ்சணம் பிடித்துவிடும்.

ஆணிவேர் வேகமாக இறங்கும் என்பதால் ஆழமில்லாத தட்டு ஒத்துவராது. 6க்கு 9 அங்குலக் கறுப்புப் பாலித்தீன் பை எடுத்து, அடிப்பக்கம் ஏழெட்டு ஓட்டை போடுங்கள். செம்மண் இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு, நன்றாக மக்கிய தொழு உரம் ஒரு பங்கு. மணலைக் குறைக்காதீர்கள், உங்கள் பக்கத்துச் செம்மண் காய்ந்தால் மேலே ஓடு கட்டிக்கொள்ளும், முளை முட்டி நின்றுவிடும். பைக்கு இரண்டு விதை, படுக்கைவாட்டில், ஒரு சென்டிமீட்டருக்குச் சற்று அதிகமாக மண் மூடினால் போதும்.

மூன்று வாரத்துக்குப் பிறகு முளைக்கத் தொடங்கும். சில விதைகள் ஒன்றரை மாதம்கூட எடுக்கும். பொறுமையில்லாமல் தோண்டிப் பார்த்தால் வேர்நுனி ஒடிந்துவிடும். மண் ஈரமாக இருக்க வேண்டும், சேறாகக் கூடாது. தினமும் விரலை விட்டுப் பார்த்துப் பூவாளியால் ஊற்றுங்கள். நீர் தேங்கினால் நாற்றின் தண்டு மண்ணோடு ஒட்டிய இடத்தில் கறுத்துச் சாய்ந்துவிடும். விதை ஓட்டைத் தலையில் சுமந்து வரும் நாற்றில் ஓட்டைப் பிய்க்காதீர்கள், தானே கழன்றுவிடும். இரண்டும் முளைத்தால் நோஞ்சானைக் கத்தரியால் வெட்டுங்கள். பிடுங்கினால் மற்றதன் வேரும் ஆடும்.

தண்ணீரைக் கவனியுங்கள். ராணிப்பேட்டை, வாலாஜா பக்கம் பல போர்த் தண்ணீர் உப்பு. பைமண்ணில் வெள்ளை பூத்து, இலை நுனி கருகினால் அதுதான் காரணம். ஊன்றுவதே மழைக்காலம் என்பதால் மொட்டைமாடி மழைநீரைப் பிடித்து முதல் இரண்டு மாதமாவது ஊற்றுங்கள்.

ஐம்பது சத நிழல்வலைக்குக் கீழே பைகளை வையுங்கள். தை மாதம் முதல் கொஞ்சம் கொஞ்சமாக வெயில் காட்டி, அக்னி நட்சத்திரத்தில் மறுபடி வலைக்குள் கொண்டுபோய்விடுங்கள். மாதம் ஒருமுறை பையை நகர்த்திவைத்தால் வேர் தரையில் இறங்காது. பச்சைப் புழு இலையைத் தின்றால் மருந்து அடிக்க வேண்டாம். அது வண்ணத்துப்பூச்சியின் புழு, கையால் எடுத்துப் பெரிய மரத்தில் விட்டால் போதும்.

அடுத்த ஆண்டு ஆடி, ஆவணி மழையில் நடலாம். இரண்டடிக் குழி எடுத்து, பத்துக் கிலோ தொழு உரமும் அரைக் கிலோ வேப்பம்புண்ணாக்கும் மேல்மண்ணோடு கலந்து நிரப்புங்கள். கன்றுக்குக் கன்று ஆறடி, சுவரிலிருந்து நாலடி விடுங்கள். மேலே மின்கம்பி போகும் பக்கத்தில் மட்டும் இதை வைக்காதீர்கள்: முப்பது அடிக்கு மேல் போகும் மரம், கம்பிக்காக உச்சியை வெட்டினால் பல கொம்பு கிளைத்து அந்த ஒடுங்கிய வடிவமே போய்விடும்.