நிழலை வெட்டிவிட்டு மருந்து தேடலாமா?

கேள்வி: ஐயா, பழனி மலையில் தாண்டிக்குடி பக்கம் எனக்கு மூன்று ஏக்கர் அரபிகா காப்பி. நான்கு வருடமாக ரசாயனம் போடுவதில்லை. மழை தப்பிக் காய் குறைந்ததால், வெளிச்சம் விழட்டும் என்று பலா, அத்தி, முள்முருங்கையை வெட்டிவிட்டு சில்வர் ஓக்கை மட்டும் வைத்தேன். இப்போது ஐம்பது செடிக்கு மேல் மஞ்சளடித்து வாடுகிறது. தண்டில் மேடுமேடாக வளையம் தெரிகிறது. கடைக்காரர் ஓர் இயற்கை மருந்து தருகிறார். இலையில் தெளிக்கலாமா?

பதில்: வாங்காதீர்கள். இது வெள்ளைத் தண்டுத் துளைப்பான் என்ற வண்டின் வேலை. அதன் புழு கட்டைக்குள் இருக்கிறது. இலையில் எதைத் தெளித்தாலும் அதற்குப் போய்ச் சேராது. இது தெரிந்தும் விற்பவரிடம் இனி எதுவும் வாங்காதீர்கள்.

வளையம் விழுந்த செடிகளைப் பிடுங்கி எரித்துவிடுங்கள். ஏப்ரல்-மே, அக்டோபர்-டிசம்பரில் வண்டு வெளியே வரும். அதற்குமுன் முடிக்க வேண்டும். விறகுக்கு ஆகும் என்று அடுக்கி வைத்தால் அந்த அடுக்கிலிருந்தே வண்டு கிளம்பும். விறகு வேண்டும் என்றால் பத்து நாள் தண்ணீரில் மூழ்கப் போடுங்கள். மிச்சமுள்ள செடிகளில் உரிந்த பட்டையைத் தேங்காய் நாரால் தேய்த்தெடுத்து, 10 லிட்டர் தண்ணீருக்கு 1 கிலோ சுண்ணாம்பு கரைத்துத் தண்டிலும் தடித்த கிளைகளிலும் அடியுங்கள்.

சரி, மரத்தை ஏன் வெட்டினீர்கள்? வெயில் படும் தண்டில்தான் இந்த வண்டு விரும்பி முட்டையிடும். வெளிச்சம் விட்டால் ஒரு வருடம் காய் கூடும், உண்மைதான். அப்புறம் செடி சோர்ந்துவிடும். கோடை இப்படி நீளும் காலத்தில் நிழலைக் கூட்ட வேண்டுமே தவிர, குறைக்கக் கூடாது.

பழைய தோட்டங்களில் உயரத்தில் பலாவும் அத்தியும், அதற்குக் கீழே முள்முருங்கை, இடையிடையே மலைவாழை. மழை பிடித்த பிறகே முள்முருங்கைக் கிளையைக் கழிப்பார்கள். கழித்தது செடியடியில் மூடாக்காகும்; கோடைக்குள் மரம் மறுபடி தழைத்துவிடும். இந்தக் கணக்கு எந்தப் புட்டியிலும் கிடைக்காது. உங்கள் தோட்டத்துக்கு வேலைக்கு வரும், இந்த மலையின் பழங்குடிகளான பளியர்களில் வயதானவர்களிடம் எந்த மரம் எப்போது இலை உதிர்க்கும் என்று கேளுங்கள். கோடையில் மொட்டையாகாத மரமாகப் பார்த்து நடுங்கள்.

சில்வர் ஓக் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த மரம். மிளகு ஏற்றலாம், இருக்கட்டும். ஆனால் அதன் இலை சீக்கிரம் மட்காது. முள்முருங்கை போல மண்ணுக்குத் தழைச்சத்தும் தராது. சில்வர் ஓக் மட்டும் போதும் என்று சொல்லும் மர வியாபாரிக்கு உங்கள் காப்பியைப் பற்றி என்ன கவலை?

அடுத்த மழையில் முள்முருங்கைப் போத்து (வெட்டிய கிளைத் துண்டு) ஊன்றுங்கள். அது தழையும்வரை நிழலுக்கு மலைவாழை வையுங்கள். வாழைக் கன்றை முடிக்கொத்து நோய் (இலைகள் குறுகி உச்சியில் கொத்தாக நிற்கும் நோய்) இல்லாத தோப்பில் மட்டும் எடுங்கள். இந்த மலையில் வாழையை வாரிக்கொண்டு போனது அந்த நோய்தான்.